கூட்டு ரோட்டில் ஓர் இன்ட்டு மார்க்

— வெள்ளரிக்கா அப்பறம் துன்னலாம் சார். மொதல்ல அந்த இன்ட்டு மார்க்கு இன்னான்னு சொல்லு.

— எந்த இன்ட்டும்மா?

— இதோ, வட்டம் போட்டு நாலு கோடு இஸ்து வெச்சிக்கிறியே, அதுல. இது சாலவாக்கம் ரோடு, இது ஏரிக்கர, இது கோயில் தெரு, இது எங்க காலனி. எல்லாத்துல இருந்தும் எல்லாத்துக்கும் அம்பு போட்டுக்கிற. காலனியில இருந்து கோயில் தெருவுக்குப் போற அம்பு மேல மட்டும் இன்ட்டு. நான் படிக்காதவதான், ஆனா இன்ட்டு தெரியும்.

— அதாவது... இது கம்ப்யூட்டருக்கும்மா. மெட்ராஸ்ல எங்க ஆபீஸ்ல ஒரு மிஷின் வாங்கியிருக்காங்க. லாரிக்காரர் எங்கிருந்து எங்க போகணும்னு சொன்னா போதும், எந்தக் கூட்டு ரோட்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு அச்சடிச்சுக் குடுத்துடும். ஆனா மிஷினுக்குக் கண்ணு கிடையாது. ரெண்டு ரோடு ஒட்டிக்கிட்டிருந்தா மட்டும் அதுக்குப் போதாது. இதுல இருந்து அதுக்குத் திரும்பலாமா, கூடாதான்னு ஒவ்வொண்ணா நாமதான் சொல்லணும்.

— கூடாதுன்னு யாரு சொன்னது?

— விசாரிச்சேன். நேத்து பூரா இந்த மரத்தடியிலயே உக்காந்தும் பாத்தேன். காலனி மாட்டு வண்டி எல்லாம் ஏரிக்கரைப் பக்கம்தான் திரும்பிச்சு. ஒண்ணுகூட நேரா தெருவுக்குள்ள போகல.

— விசாரிச்சது கோயில் தெரு கன்னியப்பன் ஐயா வூட்ல, நாஷ்டா துன்னுக்கினு.

— அது... வெறும் இட்லிதாம்மா.

— நல்லா பூவாட்டம் இருந்திருக்கும். அதுக்கோசரம் எங்க ரோட்டையே அடிச்சுட்ட. கண்ணில்லாத மிஷினுக்கு நீ கண்ணு. உனக்குக் கண்ணு கன்னியப்பன் ஐயாவா? சரி வுடு. ரெண்டு வெள்ளரிக்கா சேத்துத் தரேன், மொளகாப்பொடியும் தடவித் தரேன். அந்த இன்ட்ட அழி.

— இது என்ன வியாபாரமாம்மா? நடக்கறதைத்தானே நான் எழுதணும்?

— நடந்தது ஒண்ணு சொல்றேன், அத்தயும் எழுதிக்க. கோயில் தெருவுல பூந்தா ஒரு பீடி அணையறதுக்குள்ள தார் ரோடு, அப்பறம் நேரா உத்திரமேரூர் ஆஸ்பத்திரி. ஏரிக்கர மேல சுத்தினா மேடும் பள்ளமும், எலும்பு தனியா சத தனியா ஆயிடும். போன வருஷம் என் பொண்ணு அம்முலுவ வலியோட அந்தக் கர மேலதான் இட்டுக்கினு போனோம். கொயந்த வண்டியிலயே பொறந்துச்சு. அழல.

— ...எனக்குத் தெரியாதும்மா.

— இட்லி போட்டவரு சொல்லியிருக்க மாட்டாரு. இப்ப மறுபடி மாசமா கீறா. நாளு நெருங்கிடுச்சு, வலி வர்றதுக்கு முன்னாடியே கொணாந்து சேத்துடுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதோ, காலனி ரோட்ல வண்டி வருது பாரு. ஓட்றது எங்க மருமவன் முனிரத்தினம், உள்ள அம்முலு. இன்னிக்கு நேராத்தான் போவப்போறோம்.

— போங்கம்மா, நல்லபடியா போங்க. என்னோட இன்ட்டு உங்களை என்ன பண்ணப்போவுது?

— என்ன சார் இப்படிக் கேட்டுட்ட! இத்தினி நாளும் அது கன்னியப்பன் வாய்ச்சொல்லு. வாய்ச்சொல்லுன்னா எதிர்த்துக் கத்தலாம், மண்ண வாரி வுடலாம். நீ மிஷின்ல ஏத்திட்டா அது சட்டம் மாதிரி ஆயிடும். நாளைக்கு எம் பேரப்புள்ள யார் சட்டயப் புடிப்பான்? மிஷின் சட்டையா?

— இன்னா செல்லாயி, சார்கிட்ட வெள்ளரிக்கா விக்கறியா, வாய விக்கறியா?

— வாங்க கன்னியப்பன் ஐயா, நூறாயுசு. உங்க ரோடு ஞாயத்தத்தான் பேசிக்கினு கீறோம்.

— வேதாசலம் சார், இவ கெடக்கறா. நாயமா சொல்றேன், நான் சொன்னபடியே எழுதிக்குங்க. காலனி வண்டி எங்க தெருவுல போறதில்ல. எங்க பாட்டன் காலத்துப் பழக்கம்.

— எழுதிட்டேன் ஐயா. அதாவது... ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருக்கு. இன்ட்டு போட்டா பக்கத்துல காரணம் போடணும். வெறும் இன்ட்டை மிஷின் எடுத்துக்காது.

— மிஷினுக்கு எதுக்கு சார் காரணம்?

— அதுக்கு நம்பர் வெச்சிருக்காங்க. பாலம் உடைஞ்சிருந்தா ஒண்ணு. ஒருவழிப் பாதைன்னா ரெண்டு. ரோடு குறுகல்னா மூணு. கேட்டு போட்டிருந்தா நாலு.

— அட, குறுகல்னு போடுங்க. முடிஞ்சுது.

— உங்க டிராக்டரு டிரெய்லரோட, நெல்லு மூட்ட அடுக்கிக்கினு அந்தத் தெருவுலதான போவுது ஐயா? எங்க வண்டி இன்னா, தேரா?

— அப்ப பாலம் ஒடஞ்சிதுன்னு போடுங்க சார்.

— பாலமா! சாக்கடை மேல கெடக்கற கல்ல பாலம்ங்கிறாரு சார். அதுவும் ஒடையல.

— ஐயா, அப்படின்னா அஞ்சாம் நம்பர்தான். இதர காரணம். அதுல என்ன காரணம்னு முழுசா எழுதி, சொன்னவங்க பேரும் கையெழுத்தும் வாங்கணும். சொல்லுங்க, உங்க வார்த்தையிலயே எழுதிக்கறேன்.

— கையெழுத்தா? எங்கிட்டயா? ஊருக்கே தெரிஞ்ச விஷயம் சார் இது.

— ஊருக்கே தெரிஞ்சத எழுதறதுக்கு இன்னா ஐயா பேஜாரு? நான் சொல்றேன், நீ எழுது சார். "காலனி ஜனம் எங்க தெருவுல வரக்கூடாது, இப்படிக்கு கன்னியப்பன்." கீழ கெட்டியா ஒரு கையெழுத்து. எங்களுக்கும் ஒரு காப்பி குடு, போற வழியில போலீஸ் ஸ்டேஷன்ல காட்டிட்டுப் போறோம்.

— ஏய்! சார், நான் அப்படிச் சொல்லல. வரக்கூடாதுன்னா சொன்னேன்? வர்றதில்லன்னுதான சொன்னேன்? இவங்களே வர்றதில்ல, நான் இன்னா பண்ணுவேன்?

— அப்ப தடை ஒண்ணும் இல்லைன்னு சொல்றீங்க.

— தட... நாயமா சொல்றேன் சார், அந்தக் கட்டத்த அப்படியே வுட்டுடுங்களேன்.

— விட முடியாது ஐயா. காரணம் இல்லாத இன்ட்டு கிடையாது. அழிச்சிடறேன். ரப்பர் கையிலயேதான் இருக்கு.

— நல்லா அழுத்தி அழி சார். தடம்கூடத் தெரியக்கூடாது.

— அழிய்யா, நீயும் அழி! காயிதத்துல அம்பு திரும்பறது வேற, மண்ணுல வண்டி திரும்பறது வேற. டேய் முனிரத்தினம், அங்கயே நில்லுடா!

— நிக்காத மாப்ள, வா.

— நான் குறுக்க நிப்பேன் செல்லாயி.

— நில்லுங்க ஐயா. பக்கத்துல நானும் நிக்கறேன், நெழலாவது கெடைக்கும். புள்ளத்தாச்சி வண்டிய மறிக்கறதுக்கு மிஷின்ல நம்பர் இல்ல. கோர்ட்ல இருக்கும். சார், உக்காந்து பாத்து எழுதறதுதான உன் வேல?

— பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நடந்தா நடந்தபடி எழுதுவேன். யார் மறிச்சாங்கன்றதையும் சேத்து.

— சரி, ஒதுங்கிக்கறேன். கன்னியப்பன் மறிச்சான்னு எவனும் எழுத வேணாம். மறிக்கவே தேவயில்ல சார். அந்த மாடுங்க ஏரிக்கரைக்கே பழகின மாடுங்க. கூட்டு ரோட்டுக்கு வந்தா தானா இடது பக்கம்தான் இழுக்கும். குத்திக் குத்தி தார்க்குச்சி ஒடஞ்சாலும் தெருவுல கால் வெக்காது. மாட்டுக்குத் தெரியுது மரியாத, இவளுக்குத்தான் தெரியல.

— அப்படியா? மாப்ள, தார்க்குச்சிய கீழ போடு. கயித்தயும் வுட்டுடு. எந்தப் பக்கம் போறதுன்னு மாடே சொல்லட்டும்.

— வேணாம்மா, உள்ள உங்க பொண்ணு இருக்கு...

— அம்முலு, கெட்டியா புடிச்சிக்கோ. இன்னா ஐயா, மாடு சொன்னா ஒத்துக்குவீங்களா?

— ஒத்துக்கறேன். இடது பக்கம் போனா, இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நீ ஒத்துக்குவியா?

— ஒத்துக்கறேன்.

— பாத்துக்குங்க சார், இவ வாயாலயே சொல்லிட்டா. இதோ வந்துடுச்சு... பாருங்க, இப்ப இடது பக்கம் இழுக்கும்... இப்ப... ஏ, இன்னாது இது! கயித்த யாரும் புடிக்கலியே! ரெண்டும் தலய ஆட்டிக்கினு நேரா தெருவுக்குள்ள பூருதே! தெனம் போற மாடாட்டம் இல்ல போவுது!

— தெனம் போற மாடுதான் ஐயா. போன வருஷத்துல இருந்து, நீங்கள்லாம் தூங்கினப்பறம், கழுத்து மணிய கயட்டி வெச்சிட்டு, காலனி வண்டி பூரா இந்த வழியிலதான் போவுது.