பாகமா, போகமா?

மேடையில் வீற்றிருக்கும் வர்த்தகர் சங்கத் தலைவர் மீரா சாகிப் அவர்களே! இருபது ஆண்டுகளாக எங்களைப் பயமுறுத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் தியேட்டர்காரர் அண்ணன் அமிர்தலிங்கம் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், நம் பாயின் மகள் சுமையா அவர்களே! கணவரை இழந்த இத்தா காலம் என்பதால் வெளியே வர முடியாமல், சுமையா தூக்கிப் பிடித்திருக்கும் போன் வழியாக வீட்டிலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்கா சைத்தூன் பீவி அவர்களே! உரம் வாங்கியோரே, படம் பார்த்தோரே, இரண்டும் செய்தோரே! "துரைராசுவா பேசப் போறான்? அப்ப ஒரு டீ அடிச்சிட்டு வந்துரலாம்" என்று பின்னால் எழுந்து நிற்கும் நண்பர்களே, உட்காருங்கள். நீங்கள் பேசுவது மைக் வரைக்கும் கேட்கிறது.

இதற்கு முன்னால் நான் மைக் பிடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. தேரோட்டத்தன்று "வழியில நிக்கிற டிராக்டரை யாராச்சும் எடுங்கப்பா" என்று அறிவித்தேன். அது என் டிராக்டர்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் மகள் பிரகதீஸ்வரி தஞ்சாவூரில் கல்லூரிப் படிப்பு படிக்கிறவள், ஒரு காகிதத்தில் பேச்சு எழுதிக் கொடுத்தாள். "அன்னாரது மறைவு ஈடு செய்ய இயலாத பேரிழப்பு" என்று ஆரம்பிக்கிறது. பாய் கேட்டிருந்தால் என்ன சொல்வார்? "துரை, முதல் சீனே அரைச்ச மாவா இருக்கேப்பா" என்பார். அதனால் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

நம்மைவிட்டுப் போயிருப்பவர் யார்? குடவாசல் கடைத்தெருவில் உரமும் விதையும் விற்ற மர்ஹூம் சேக் தாவூது அவர்கள்! மேட்னி மாமணி சேக் தாவூது அவர்கள்! அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தது என்று மீரா சாகிப் அண்ணன் திரும்பிப் பார்க்கிறார். நான்தான் கொடுத்தேன். இப்போதுதான் கொடுத்தேன். மறுக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இல்லையல்லவா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, இரண்டரை மணி மேட்னிக்குக் கேட் திறக்கும்போது முதல் ஆளாக நின்ற மனிதர் வேறு யார்?

குடும்பப் படம் என்றால் எட்டிப் பார்க்க மாட்டார். காதல் படமென்றால் காததூரம் ஓடுவார். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு: விண்வெளியிலிருந்து ஏதாவது விழ வேண்டும், அல்லது வீட்டுக்குள்ளிருந்து ஏதாவது கிளம்ப வேண்டும். அதுவும் ஒரு படத்தோடு முடியக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருக்க வேண்டும்!

வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்து வந்ததே, "விண்முத்து"! வானத்திலிருந்து முத்து மாதிரி ஒரு முட்டை விழும், அதற்குள்ளிருந்து ஒரு பூச்சி வரும், அது கப்பலிலிருக்கும் ஆட்களை ஒவ்வொருவராக முடிக்கும். அதன் இரண்டாம் பாகம் வந்த நேரம். கடை வாசலில் யூரியா இருப்பு எழுதும் கரும்பலகை இருக்கிறதல்லவா, அதன் அடிப்பாதியில் பாய் ஊருக்கே சேதி சொல்ல நினைத்தார். காலையிலிருந்து குறுவைக்கு விதை கேட்டு வந்த கூட்டம், மண்டை முழுக்கப் போகம் போகம் என்றே ஓடியிருக்கிறது. சாக்பீஸை எடுத்து எழுதிவிட்டார்: "விண்முத்து. இரண்டாம் போகம் வந்துவிட்டது. நம்பி வாங்கோ."

அரைமணி நேரத்தில் நம் கோவிந்தராசு அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். அதோ சிரிக்கிறார் பாருங்கள், அவரேதான்.

"பாய், விண்முத்துல ரெண்டு மூட்டை போடுங்க."

"அது மூட்டையில வராதுங்க."

"சரி, எத்தனை நாள் பயிரு?"

"நாளெல்லாம் இல்ல. ரெண்டேகால் மணி நேரம்."

"பூச்சி விழுமா?"

"பூச்சிதாங்க ஹீரோவே!"

அன்றைக்கு மேட்னியில் கோவிந்தராசு அண்ணனும் இருந்தார். விதை வாங்க வந்தவர் விண்வெளி பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

எழுத்தைத் திருத்துங்கள் பாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றேன். பத்தாம் வகுப்பை இரண்டாம் போகத்தில் பாஸ் செய்தவன் நான். எனக்கே தெரிந்த பிழை. அவர் பலகையை நின்று பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இல்ல துரை. பாகம்னா ஒண்ணை வெட்டிப் பிரிச்சது. போகம்னா உழுது, விதைச்சு, புதுசா விளைஞ்சது. இந்தப் படம் விளைஞ்சிருக்குப்பா!"

அன்றிலிருந்து அதுதான் சட்டம்! படம் பார்த்துவிட்டு வந்து, தேறியிருந்தால் 'போகம்' என்று எழுதுவார். பழைய படத்தையே வெட்டி ஒட்டியிருந்தால் 'பாகம்' என்று எழுதுவார். அதற்குமேல் ஒரு சொல் எழுத மாட்டார். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்! அந்த ஓர் எழுத்தைப் பார்க்க வலங்கைமானிலிருந்தெல்லாம் ஆள் வந்தது உண்மையா, இல்லையா? "மாடிப்படி" என்று பேய்ப்படம் வந்ததே, அதன் மூன்றாவதுக்கு 'பாகம்' என்று எழுதிவிட்டார் என்பதற்காக அமிர்தலிங்கம் அண்ணன் ஒரு மாதம் உரமே வாங்காமல் இருந்தார். அண்ணனுக்கு நிலம் கிடையாது, அது வேறு விஷயம்.

அந்தப் படத்துக்கு ஏன் 'பாகம்' போட்டார்? பேய்க்குப் பிளாஷ்பேக் வைத்துவிட்டார்கள். "சின்ன வயசுல அதுக்கு யாரும் பொம்மை வாங்கித் தரலையாம். இனிமே அதைப் பார்த்தா எப்படிப்பா பயம் வரும்? வாம்மா, சோறு சாப்பிடுன்னுதான் சொல்லத் தோணும்!" எவ்வளவு நியாயம்! விண்கப்பல்காரர்கள் கதவைச் சாத்தாமல் தூங்கினால் இருக்கையிலேயே எழுந்து நின்றுவிடுவார். "மடையைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறியே, நீயெல்லாம் விஞ்ஞானியா?" மாடியில் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் தனியாக ஏறிப் போனாளே? "நம்ம ஊர்ல பம்புசெட்டுல சத்தம் கேட்டா நாலு பேரைக் கூட்டிக்கிட்டுத்தானே போவோம்? இவ ஏன் ஒத்தையில போறா?" பூச்சியை இடைவேளைக்கு முன்னால் முழுசாகக் காட்டினால் அவருக்கு ஆகவே ஆகாது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில் முதலிலேயே பொண்ணு வந்து கதவைத் திறந்த மாதிரி இருக்கிறது என்பார். அக்கா, இது உங்களைச் சொன்னதல்ல. நீங்கள்தான் கதவைத் திறந்தீர்கள் என்று கேள்வி, இருந்தாலும் உங்களைச் சொன்னதல்ல!

சுமையா ஒருநாள் சொல்லியிருக்கிறது, "அத்தா, நாலு வாரத்துல போன்லயே வந்துரும், வீட்லயே பாருங்க." அதற்கு அவர் சொன்ன பதிலைக் கல்லில் வெட்டி வைக்கலாம்: "உள்ளங்கையில அடங்குற பூதத்துக்கு நான் ஏம்மா பயப்படணும்?"

பத்து பேர் சேராவிட்டால் காட்சி கிடையாது என்பது தியேட்டர் விதி. நடவு நேரத்தில் பத்து பேர் எங்கே சேரும்? ஒன்பது பேரோடு நாங்கள் நிற்போம். பாய் தெருவுக்கு ஓடுவார். பூச்சி மருந்து வாங்க வந்தவரையெல்லாம் பூச்சிப் படத்துக்கு இழுத்து வந்துவிடுவார், வருகிற வழியிலேயே முந்தின கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார். அமிர்தலிங்கம் அண்ணே, மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், பாய் இல்லையென்றால் உங்கள் தியேட்டர் இந்நேரம் கல்யாண மண்டபமாக ஆகியிருக்குமா, ஆகியிருக்காதா?

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு வருஷம் பாய் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் படமும் பார்த்தவன் துரைராசு என்று ஊரே சொல்கிறது. பொய்! நான் பேயைப் பார்த்ததே இல்லை. ஒரு பேயைக்கூடப் பார்த்ததில்லை! வயலின் இசை கொஞ்சம் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வேன். பேய் வந்து, வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு, பாய் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். "போயிடுச்சு, தொற." அதற்கப்புறம்தான் திறப்பேன். ஐந்து மாடிப்படி, ஐந்து விண்முத்து, எல்லாம் நான் காதால் பார்த்த படங்கள். என் மகள் அங்கே தலையில் அடித்துக்கொள்கிறாள். அடிச்சுக்கம்மா. வீட்டில் உன்னிடம் கதையை விவரமாகச் சொன்னதெல்லாம் பாய் சொல்லித் தந்ததுதான்.

ஒரே ஒரு தடவை பாய் ஏமாற்றிவிட்டார். பேய் திரை முழுக்க நிற்கும்போதே தட்டிவிட்டார்! திறந்தேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. "அய்யோ பாய்!" என் சமோசா நாலாவது வரிசையில் போய் விழுந்தது. அடுத்த பேய் வந்தபோது கொட்டகையே சேர்ந்து கத்தியது, "அய்யோ பாய்!" அன்றிலிருந்து குடவாசலில் எந்தப் பேய் வந்தாலும், எந்தக் கிரகத்துப் பூச்சி வந்தாலும், வரவேற்பு ஒன்றுதான். அது தவறு, கண்டிக்கிறேன் என்று அப்போது சொன்னேன். இப்போது அந்தக் கண்டனத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நாளைக்கு என்ன கிழமை? வெள்ளிக்கிழமை! நாளைக்கு என்ன படம்? விண்முத்து, ஆறு! எட்டு வருஷம் காத்திருந்த படம்! இந்தக் கூட்டத்தில் சந்தோஷமாகச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை, பாதி துக்கம், பாதி ஆசை. சுவரொட்டி பார்த்தீர்களா? ஐந்தாவதில் பூச்சியோடு சேர்ந்து கதவுக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு செத்தாரே கேப்டன் அம்மா, அவர் நடுவில் நிற்கிறார்!

அந்தச் சுவரொட்டி ஒட்டிய அன்றைக்குப் பாய்க்குக் கோபம் தாங்கவில்லை. "செத்தவ எப்படிப்பா வருவா? அன்னைக்கு நான் அழுதேனே, அந்த அழுகைக்கு என்ன மரியாதை?"

"செத்தாங்கன்னு யாரு சொன்னது பாய்?"

"நீதான் பக்கத்துல இருந்தியே!"

"நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். என்னைப் பொறுத்தவரைக்கும் அவங்க சாகலை."

விழுந்து விழுந்து சிரித்தார். மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் பலகையில் எழுதினார்: "விண்முத்து. ஆறாம்". கொஞ்சம் இடம் விட்டார். அதற்கப்புறம் "கம்" என்று எழுதினார். நடுவில் ஓர் எழுத்து பாக்கி. "பார்த்துட்டு வந்து போடுறேன். பார்க்காம எழுதுனா அது அயோக்கியத்தனம்" என்றார். இரண்டு வாரமாக ஊரே அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் புதன்கிழமை காலை, கடை திறந்த பத்து நிமிஷத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டில், கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் வந்து பாருங்கள் என்றார்கள். நான் முன்னால் போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். முழங்காலில் யாரும் தட்டவில்லை.

என்னைப் பொறுத்தவரைக்கும் அவர் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டே எட்டு நாளாகச் சுற்றுகிறேன். நேற்று சுமையா என் வீட்டுக்கு வந்து சாக்பீஸைக் கையில் வைத்தது. "துரை மாமா, அந்த எழுத்தை நீங்கதான் போடணும். அத்தா பலகையை அழிக்கவும் மனசு இல்ல, அரைகுறையா விடவும் மனசு இல்ல." நான் எப்படிம்மா போடுவேன்? பார்க்காமல் எழுதினால் அயோக்கியத்தனம். பார்க்க வேண்டுமென்றால் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். ரெண்டேகால் மணி நேரமும்!

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. படம் நன்றாக இருந்தால் நான் எழுத வேண்டிய எழுத்து என்ன? 'போ'. அவர் கடை வாசலில் நின்று, அவர் பலகையில், அவர் சாக்பீஸால் 'போ' என்று எழுத வேண்டும். கை வருமா? செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று நீங்கள் சொன்ன கருத்தோடு, பாய், இன்றைக்கு முதல் தடவையாக நான் மாறுபடுகிறேன். நாளை அந்தக் கேப்டன் அம்மா திரும்பி வந்தால், எவ்வளவு மட்டமாக வந்தாலும், எழுந்து நின்று கை தட்டுவேன்! ஆனால் எழுத்தில் பொய் சொல்ல மாட்டேன். விளைந்திருந்தால் 'போ' என்று எழுதுவேன், வெட்டியிருந்தால் 'பா' என்று எழுதுவேன். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு!

அமிர்தலிங்கம் அண்ணன் பாய் உட்காரும் இருக்கையைக் காலியாக விடுவதாகச் சொன்னார். வேண்டாம் அண்ணே! காலி இருக்கையைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதில் கோவிந்தராசு அண்ணன் உட்காரட்டும். ஆனால் அண்ணே, என் முழங்காலை மட்டும் தட்டிவிடாதீர்கள். கண்ணை நானாகவே திறந்து வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. தலைவர் மன்னிக்க வேண்டும். இத்தனை பேர் இருட்டு முகத்தோடு சத்தமில்லாமல் நின்றால், மிஷின் நின்றுபோச்சு என்று பாய் நினைத்துக்கொள்வார். எல்லோரும் எழுந்திருங்கள். சுமையா, போனை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிம்மா, அத்தாவின் கொட்டகைச் சத்தம் அக்காவுக்குக் கேட்கட்டும். நாளை இரண்டரை மணிக் காட்சிக்கு இது ஓர் ஒத்திகை. நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று:

அய்யோ பாய்!