சண்டை இழுத்துவிட்ட மடக்குக்கத்தி

“இந்த வருஷம் வாங்குன கத்தியிலயே எனக்குப் பிடிச்சது, நீங்க கையில குடுத்து நமக்குள்ள சண்டை இழுத்துவிட்டுதுல்லா, அந்தக் கொம்புப் பிடிதான் அத்தான்.”

டிராம்பே பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இருவரும் தாராவியில் தோல் பை தைப்பவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. சொன்னவர் இளையவர், மற்றவருடைய மனைவியின் தம்பி.

“மத்த மடக்குக்கத்தியெல்லாம்?”

“ஒண்ணு தோலை வெட்டாது. ஒண்ணை மடக்குனா திறக்க முடியாது. இது தோல்ல ஏக்தம் அப்படியே வழுக்கிட்டுப் போவும்.”

“பெறவு ஏம்ல அதைத் திருப்பி அனுப்புன?”

“கத்தியைக் கையில குடுத்தா சண்டை வரும்னு அக்கா சொன்னாள்லா. அதே மாதிரி சண்டை வந்துட்டுதே. தீபாவளிக்குக்கூட நாம பேசலையே.”

“அவ இன்னும் அதையேதான் சொல்லுதா. நேத்து நீ வீட்டுக்கு வந்த பெறவுதான் எனக்கு மூச்சே வந்துது.”

பெரியவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கொம்புப் பிடிக் கத்தியை எடுத்தார். மடக்கியபடியே இருவருக்கும் நடுவில் சீட்டில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டார்.

“நீயே எடுத்துக்கோ மாப்ள.”

இளையவர் அதைத் தொடவில்லை.

“சும்மா கையிலயே தாங்க அத்தான். போட வேண்டிய சண்டையெல்லாம் போட்டாச்சுல்லா.”