வாசிக்காமல் விட்ட வரி

இலுப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் அவ்வளவாகப் போகாது. லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளம் போட அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். பாதியில் கரண்ட் போனால் வேலை கெட்டுவிடும். அந்தப் பேட்டரி நிற்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். ஆத்திரத்தில் செய்ததாக என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுத வேண்டாம்.

லேப்டாப் என் மனைவி இலக்கியாவுடையது. அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. புதுக்கோட்டையில் அவள் கல்லூரியில் படித்தபோது, அவள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போனவன் நான். அப்படித்தான் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு செய்தித்தாள், மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எல்லாம் அவளுக்கு நான்தான் வாசித்தேன். உரக்கடையிலிருந்து வந்ததும் காபிகூடக் குடிக்காமல் உட்காருவேன். "ஒங்க தொண்டைதாங்க எனக்குக் கண்ணு" என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

பிறகு லேப்டாப் வந்தது. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளை அவள் தோழி சத்யா போட்டுக் கொடுத்தாள். மூக்கடைத்த ஓர் ஆண் குரல். நான் பேப்பரை எடுத்தால், "அதக் காலையிலயே கேட்டுட்டேங்க. நீங்க வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த பேப்பர் வந்துரும்" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

சென்னையில் ஒரு நிறுவனம் விவசாயிகளிடம் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவுகளை அவளுக்கு அனுப்பியது. கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். ஆடியில் தொடங்கியது தைவரை ஓடியது. முழுவதையும் திருத்திக் கொடுத்துவிட்டால் நிரந்தர வேலை. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு சாயங்காலம் இயர்போன் கழன்றுவிட்டது. சமையலறையில் நின்ற எனக்குக் கேட்கும்படி லேப்டாப் வாசித்தது: "சென்னை மகளிர் விடுதியில் ஒருவருக்கான இடம் உறுதி செய்யப்பட்டது." அவள் அவசரமாகத் தடவி ஒயரைச் செருகினாள்.

"என்னம்மா அது?"

"ஏதோ வெளம்பரங்க."

என் வாயால் வாசித்திருக்க வேண்டிய செய்தி அது. அதை ஒரு பெட்டி அறிவிக்க, அடுத்தவன் வீட்டுப் பேச்சைக் கேட்பதுபோல் நின்று கேட்டேன். அவள் பொய் சொன்னாள். நான் சண்டை போடவில்லை.

விண்டோஸ் அடிக்கடி நின்றுபோவதாக அவளே குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். லினக்ஸ் போட்டால் வேகமாக ஓடும் என்றேன்.

"பேசுமாங்க?"

"லினக்ஸ் நல்லாப் பேசும்."

அது உண்மை. அந்த மாடலின் ஒலிச் சில்லுக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை, சத்தமே வரவில்லை என்று இணையத்தில் பலர் புலம்பியிருந்ததும் உண்மை. யுஎஸ்பி ஹெட்செட் மாட்டினால் பேசும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் சில்லைப் பற்றிக் கேட்கவில்லை.

"என் ஃபைலெல்லாம் எடுத்தாச்சா?"

"பென்டிரைவ்ல எடுத்தாச்சு."

எடுத்திருந்தேன். லினக்ஸையும் அதே பென்டிரைவில்தான் ஏற்றினேன். அப்படி ஏற்றினால் அதில் முன்பு இருந்தது எதுவும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லேப்டாப் ஊமையாக இருந்தது. "போட்டு முடிச்சாப் பேசும்" என்றேன். மொழி தமிழ் என்று கொடுத்தேன். ஒவ்வொரு திரையாக வாசித்துச் சொன்னேன். பழைய நாட்கள்போல் இருந்தது.

ஒரு திரையில் இரண்டு வரிகள் வந்தன. கணினி வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

"என்னங்க சொல்லுது?"

"தொடரலாமான்னு கேக்குது. நீயே அமுக்கு. ஒன் லேப்டாப்புதானே."

அவள் சிரித்துக்கொண்டே விரலால் தேடி எண்டரை அழுத்தினாள்.

முடிந்த பிறகும் சத்தம் வரவில்லை. பென்டிரைவைக் கேட்டாள். அதில்தான் லினக்ஸ் ஏறியிருக்கிறது, பழையது போய்விடும் என்று தெரியாமல் போச்சு என்றேன். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பிறகு சத்யாவைக் கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அழிக்கப்போறேன்னு ஒரு எச்சரிக்கை வந்திருக்குமேடி. அதப் பாக்காம எவன்டி அமுக்குனது?"

"நாந்தான் அமுக்குனேன்" என்றாள் இலக்கியா. முகம் என் பக்கம் திரும்பியது. "எச்சரிக்கை வந்துச்சாங்க?"

"தொடரலாமான்னுதாம்மா கேட்டுச்சு."

"சரிங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஒலிப்பதிவுகளும் எழுத்தும் போய்விட்டன. கொடுத்த கெடு தாண்டியதும் சென்னைக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். சத்யா ஹெட்செட் ஒன்று அனுப்பினாள். இலக்கியா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கண்ணில்லாதவளின் விரலைக் கொண்டே அவள் உழைப்பை அழிக்க வைத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கையெழுத்துப் போடுகிறேன். நான் சொன்னதில் பொய் என்று பார்த்தால், பென்டிரைவ் விஷயம் ஒன்றுதான். மற்றபடி ஒரு வரியை வாசிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். அவள் சொன்ன பொய்யை யாரும் விசாரிப்பதில்லை.

வீடு இப்போது நிம்மதியாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் அவளுக்கு வாசிக்கிறேன். முன்புபோல் குறுக்கே பேசுவதில்லை, கேலி செய்வதில்லை. நேற்று ஞாபகப் பிசகாக முந்தாநாள் பேப்பரையே முழுக்க வாசித்துவிட்டேன், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு கவனமாக அவள் என்னைக் கேட்டதே இல்லை.