முன் கண்ணாடியில ஒரு பூச்சி

பூச்சி இல்லங்கறீங்களா? நல்லாப் பாருங்க தம்பி. ஓவன்ல அந்த நம்பர் அழுத்தற பலகைக்குப் பின்னாடி? போன வாரம் நீங்கதான அதைக் கழட்டி, குட்டிக் கரப்பானா ஒரு கையளவு தட்டி எடுத்தீங்க. சூட்டுக்கு வந்து தங்குதுன்னு சொன்னீங்க. வாடகை குடுக்காத குடித்தனம்னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பே வரலை. அதுல சுட வச்ச பாலைத்தான எம்பொண்ணு குடிச்சிட்டிருந்தா.

பூச்சி மருந்து வச்சீங்க. நான் வேற உள்ள வெளிய எல்லாம் தொடச்சு வெயில்ல வச்சேன். சனியன் ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன். மறுநாளே, உள்ள லைட்டு எரியறப்ப ஒண்ணு ஓடுது. தொறந்தா காணோம். மூடினா மறுபடி ஓடுது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒண்ணுமில்லையே, வெறும் வயித்தோட வேலைக்குப் போனா கண்ணுல பூச்சி பறக்காம என்ன பண்ணும், மொதல்ல சாப்பிடுன்னு தட்டை நீட்டினாரு. அவருக்கு எதுக்கும் சாப்பாடுதான் வைத்தியம். பாத்தா, அந்த வெள்ளைத் தட்டுலயும் ஒண்ணு. தட்டி விட்டேன். சாப்பாடு பூரா தரையில. அவரே குனிஞ்சு அள்ளினாரு.

கோவிச்சுக்காதீங்க, உங்க வேலையில கொறை சொல்லலை. அந்தப் பின்மூடியை மட்டும் இன்னொரு தரம் கழட்டுங்க. ஒண்ணே ஒண்ணு கெடச்சாப் போதும். செத்தது, கால் ஒடிஞ்சது, எதுன்னாலும் சரி. ஊர்ல எல்லாரும் பூச்சி இருக்கக் கூடாதுன்னு உங்களக் கூப்பிடுவாங்க. நான் இருக்கணும்னு கூப்பிட்டிருக்கேன். சிரிங்க, பரவால்ல.

கழட்டிட்டீங்களா? சுத்தமா இருக்கா. ம்.

இப்ப உங்க சட்டையில ஒண்ணு ஊருது. ஐயோ, உதறாதீங்க, உதறினாப் போகாது. நான் எங்க பாக்கறேனோ அங்க வந்து நிக்குது.

வாசல்ல மஞ்ச வேன் பாத்தீங்கல்ல? பள்ளிக்கூட வேன். நான்தான் ஓட்டறேன். இன்னிக்குக் காலைல வெயில் நேரா மொகத்துல அடிச்சுது. முன் கண்ணாடி பூரா பூச்சி. கண்டுக்காம ஓட்டிடலாம்னுதான் பாத்தேன். தூரத்துல ஒண்ணு கருப்பா அசைஞ்சுது. அதுவும் பூச்சிதான்னு விட்டுட்டேன். கிட்டப் போனப்புறம்தான் தெரியுது, முதுகுல பையை மாட்டிட்டு ஒரு சின்னப் பொண்ணு ரோட்டைத் தாண்டுது. பிரேக்கை மிதிச்சேன். ஒண்ணும் ஆகலை, அது பாட்டுக்குப் போயிடுச்சு. பின்னாடி பசங்கல்லாம் ஹோன்னு கத்திச் சிரிச்சாங்க, நான் வெளையாட்டுக்குப் பண்ணினேன்னு நெனச்சு.

எனக்கு அந்த வண்டிய விட்டா வேற தொழில் தெரியாது தம்பி. அதான் கோளாறு என் கண்ணுல இல்லாம இந்த டப்பாவுக்குள்ள ஏதாவது இருந்துடாதான்னு பாத்தேன்.

சரி, மூடியை மாட்டிடுங்க. மாட்டிட்டு இந்தப் போனை வாங்குங்க. பள்ளிக்கூட ஆபீசுன்னு பேர் இருக்கும், அழுத்திக் குடுங்க. எனக்கு நம்பர் மேலல்லாம் ஊருது. சாயங்காலம் வண்டி வராதுன்னு நானே சொல்லிக்கறேன்.