நின்றபடியே சதுரங்கம் நடத்திய டிரசர் தங்கையா அவர்களுக்கு

முழங்கால் வீங்கி, குதிகால் வெடித்து, இடுப்பில் தைலத் துணி இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டு இம்மேடை ஏறி வந்திருக்கும் எங்கள் மாண்புமிகு தலைமை டிரசர் தங்கையா ஐயா அவர்களே! காய்ச்சலுக்குக் கொய்னாவும், காயத்துக்குக் கட்டும், கலங்கி வந்தவர்க்குக் கனிந்த சொல்லும் தந்த கருணைக் கரத்தீர்! ரப்பர்ப் பால் வாளி தூக்கி வடுப்பட்ட விரல்களையும் வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளையும் சதுரங்கக் காய் பிடிக்கச் செய்த சாதுரியச் செம்மலே! வணக்கம். எழுந்து கும்பிட வேண்டாம் ஐயா. ஓய்வு பெறும் இன்று ஒரு நாளாவது உட்கார்ந்திருங்கள்.

மருந்தறையில் இவர் ஆற்றிய அருந்தொண்டைப் பற்றிப் பெரிய டாக்டர் பேசிவிட்டார். நாங்கள் பேச வந்தது இவர் சதுரங்கப் போட்டி நடத்திய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. சபையில் பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள். ஆகையால் இவரை எதிரில் அமர்த்திக்கொண்டே இவரைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறோம். ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், கை நிறைய வைத்தியம் தெரிந்தும் அலமாரியில் ஒரு மாத்திரை இல்லாமல், மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர் இவர். பிள்ளை இல்லை. பெம்பான் வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான இந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டுக் குவார்ட்டர்ஸில் தனியாகவே இருந்தார். மாலையானால் வாசலில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. வெள்ளைக் காயை நகர்த்திவிட்டு எழுந்துபோய்க் கறுப்புப் பக்கம் உட்காருவார். அதை நகர்த்திவிட்டு மறுபடியும் இந்தப் பக்கம் வருவார். வார்டு ஆயா பெத்தம்மாள் ஒரு நாள் கேட்டே விட்டாள்: "ஏன் தம்பி, ரெண்டு நாற்காலிக்கும் நீயேதான் ஆளா? ஜெயிச்சா யாருகிட்ட போயிச் சொல்லுவ?"

அவர் சிரித்தார். எழுந்துபோய்க் கறுப்புப் பக்கம் உட்கார்ந்தார்.

ஊழியர்களில் ஆடத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது: "டிரசர்கிட்ட ஜெயிச்சா மருந்து கசக்கும், தோத்தா மானம் போகும்லா." இந்தக் கேலியைச் சொல்லிச் சொல்லியே எல்லாரும் அந்த எதிர் நாற்காலிப் பக்கம் போகாமல் இருந்துவிட்டோம்.

காட்டுக்குள் புகுந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரச் சர்க்கார் அறிவித்த அவசரகாலம் பிறந்து இரண்டு வருஷம் கழித்து, கம்பி வேலிக்குள் அடைபட்டு, ஆறு மணிக்குக் கேட் பூட்டினால் கள்ளும் சண்டையும்தான் என்று தோட்டம் கிடந்த நேரத்தில், மலாக்கா வட்டாரத் தனியாள் சதுரங்கப் போட்டியை இவர் தொடங்கினார். வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சுகளே ஆட்ட மேசைகள். தோட்டத்துக்காரர்களும் டவுன்காரர்களும் ஒரே பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். போலீஸ் அனுமதி வாங்கியதும், லோரிக்கு அலைந்ததும், மத்தியானக் கஞ்சிக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் உலை வைத்ததும் இவரே. அவரவர் கேட்டுக்குள் நேரத்தோடு போய்ச் சேரும்படி ஆட்டங்களை முடித்து அனுப்பியதும் இவரே!

முதல் வருஷமே போட்டிக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது: போட்டியை நடத்துகிறவர் போட்டியில் ஆடக்கூடாது. நியாயமான தீர்மானம்தான். ஒரு வருஷத்துக்குத்தானே என்று அவரும் தலையாட்டினார். தீர்ப்புச் சொல்கிறவன் ஒரு மேசையருகே உட்கார்ந்தால் அந்த மேசைக்காரன் ஆளாகிவிடுவான் என்று சொல்லி, காலை முதல் மாலை வரை நின்றார். விரலசைவைக்கூட யாரும் ஜாடை என்று எண்ணிவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாதி ஆட்டத்தில் ஒருவன் கள்ளுக்கடைக்குப் போய் மூன்று மடங்கு வீரத்தோடு திரும்பி வரவும், பலகையை விட்டுப் போய் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பாதவர் தோற்றவர் என்ற விதியையும் இவரே எழுதினார்.

ஒவ்வொரு வருஷமும் பரிசு கொடுத்து முடித்ததும் ஒரு வார்த்தை கேட்பார். "அடுத்த தடவ யாராச்சும் எடுத்து நடத்துங்கப்பா. நானும் ஒருதரம் ஆடிப் பாக்கணும்."

சபை கைதட்டும். அவர் கேட்டது கைதட்டல் அல்ல.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணி சின்னத்தம்பி எழுந்து, "நான் பாத்துக்கிறேன் டிரசரே, நீங்க உக்காந்து ஆடுங்க" என்றார். அன்று தங்கையாவின் முகத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள், சம்பள உயர்வு கிடைத்த அன்றுகூட அவர் அப்படி இருந்ததில்லை என்று. போட்டியன்று காலையில் சலவைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, முதல் ஆளாக வந்து அமர்ந்தார். எதிரில் கோலா சுங்கை பாரு ஊர்க் கடைக் கணக்கர் சாமிநாதன்.

"என்ன டிரசரே, ஊசி போட்டுக்க வந்த பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஊசின்னா குத்துறது நான்லா. இன்னைக்குக் குத்து வாங்கப் போறது நானாச்சே."

குதிரையை வெளியே எடுத்து வைத்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு மனிதக் கை வந்து பதில் காய் வைத்தது. அந்தக் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கா பத்து என்ற கடலோர ஊர்த் தோட்டத்து லோரி மட்டும் வந்து சேரவில்லை. சைக்கிளில் ஒருவன் மூச்சிரைக்க வந்து, வழிச் சோதனையில் போலீஸ் லோரியை நிறுத்தி எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னான். காரணம் சோறு. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று சர்க்கார் உணவைத் தடுத்திருந்த காலம் அது. தடை அரிசிக்குத்தான், வெந்த சோற்றுக்கு இல்லை என்று எண்ணிய சின்னத்தம்பி, ஆளுக்கு ஒரு பொட்டலம் கட்டிவரச் சொல்லி அனுப்பியிருந்தார். நம் வீட்டுப் பெண்களுக்கு ஒருவர் அளவுக்குச் சோறு கட்டத் தெரியுமா? பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்காமல் தின்னக் கூடாதென்று ஒவ்வொரு பொட்டலத்திலும் இரண்டு பேர் சோறு இருந்தது.

ஸ்டேஷனில் நடந்ததை லோரி ஓட்டிய அப்புசாமி பின்னால் சொன்னார்.

"ஓர் ஆளுக்கு இவ்வளவு சோறா? மீதி யாருக்கு?" என்று சார்ஜன் கேட்டாராம்.

"பக்கத்துல உக்கார்றவனுக்கு, துவான்."

"யார் அவன்? பேரைச் சொல்."

"அங்க போனாத்தான் தெரியும் துவான்."

இந்தப் பதிலுக்கு அந்த நாளில் விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம், கப்பலேற்றி ஊருக்கும் அனுப்பலாம்.

செய்தி கேட்டுச் சின்னத்தம்பி டிரசரின் பெஞ்சருகே ஓடிவந்து நின்றார். ஸ்டேஷனில் முகம் தெரிந்தவர் டிரசர் ஒருவர்தான். தங்கையா பலகையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார்.

"போயிட்டு வாங்க, நான் மணி பாக்க மாட்டேன்" என்றார் சாமிநாதன்.

"நீங்க பாக்காட்டியும் அது ஓடும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

சார்ஜன் அவரிடமும் அதையே கேட்டார். மீதிச் சோறு யாருக்கு? மேசைமேல் பொட்டலங்கள் பிரிந்து கிடந்தன. சுவரோரம் குந்தியிருந்த அத்தனை பேரும் டிரசரின் வாயைப் பார்த்தார்கள். யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் அங்கே நின்று சொன்னார்.

"எனக்கு, துவான். எனக்குப் பொங்கிப்போட வீட்டுல ஆளில்லை. சோறு கட்டிக்குடுத்த பொம்பளைங்களுக்கு அது தெரியும்."

சார்ஜனுக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். பெயர்களைப் பதிந்துகொண்டு, சோற்றைக் கொட்டச் சொல்லி, ஆட்களை விட்டுவிட்டார்.

அவர்களோடு தங்கையா திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. சாமிநாதன் ஒரு காயையும் தொடாமல் அதே இடத்தில் இருந்தார். "உக்காருங்க டிரசரே. ஒண்ணும் ஆயிடல."

"ஆயிடுச்சு. விதி நான் எழுதினது. எனக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு எவன் மதிப்பான்?" சாமிநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயம் உங்களுக்கு."

சின்னத்தம்பி பயந்துபோய் வார்டில் படுத்திருந்தார். பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லி, அடுத்த சுற்றுக்குப் பெயர் வாசித்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தங்கையா மறுபடியும் நின்றார்.

அதற்குப் பிறகு பொறுப்பேற்க யாரும் எழுந்திருக்கவில்லை. நம் பக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்தது, கேட் திறந்தே கிடந்தது, நாட்டுக்குச் சுதந்திரமும் வந்தது. போட்டி பெரிதாகி, கேடயம் வெள்ளியானது. வருஷக் கடைசியில் அவர் கேட்பதும், நாங்கள் கைதட்டுவதும் மாறவில்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷமாக அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நலிந்தோர்க்கு நற்றுணையே! நடுநிலை நழுவா நாயகமே! நாளை குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தங்கா பத்து வாடகை அறைக்குப் போகிறீர்கள். கால் வீக்கம் வடிந்து, கண் ஒளி குன்றாமல், கடற்காற்று வாங்கி நெடுங்காலம் நலமாக வாழ வேண்டுமென்று நெஞ்சார வேண்டுகிறோம். இம்மடலைக் கண்ணாடி போட்டுத் தருகிறோம். மாலையும் சால்வையும் தருகிறோம். கண்ணாடி போட்ட மடல் எதிரில் உட்கார்ந்து காய் நகர்த்தாது என்பது எங்களுக்குத் தெரியும்.

இத்தனை ஆண்டும் தாங்கள் நின்றீர்கள், நாங்கள் உட்கார்ந்து ஆடினோம். தங்களுக்கு நாங்கள் பட்டிருப்பது ஒரே கடன்: எழுந்து ஓட வேண்டாத, முடிவு வரை ஆடும் ஒரு முழு ஆட்டம். அதை நாங்கள் இன்னும் தரவில்லை.

தோட்டப் பொது ஆஸ்பத்திரி ஊழியர்கள்,
பெம்பான், 1958