‘உள்ளறை’ கசெட்டின் நான்காம் பாட்டு

பஸ்களை எண்ணுவது என் பழக்கம். தொண்ணூற்றேழில், மாலைச் சிங்கள வகுப்புக்குப் போகும் வழியில் கண்டி மஹய்யாவையில் நின்று, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, இராணுவச் சோதனைச் சாவடியில் எத்தனை பேர் நின்றார்கள், எனக்குள் என்ன தோன்றியது என்று டயறியில் குறிப்பேன். இதனால் யாருக்கு என்ன பயன் என்ற சந்தேகம் எனக்கே உண்டு.

தனபாலனுக்குப் பயன்பட்டது. வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரன். ‘ஈரச்சுவர்’ ரொக் குழுவின் பாடகன். முதல் இரண்டு கசெட்டிலும் ஊரைத் திட்டிப் பாடியவன், உங்கள் நிறுவனம் இப்போது மறுபடி வெளியிடப்போகும் மூன்றாவதான ‘உள்ளறை’யில் தன் மனதைத் தோண்டிப் பாடியதாகச் சொன்னார்கள். கேட்டேன். தோண்டியிருந்தது என்னை. அவன் இரவல் வாங்கிய என் கொப்பிகளோடு டயறியும் போயிருக்கிறது. நான்காம் பாட்டு உங்களுக்குத் தெரியும்: ‘ஐந்து பத்துக்கு ஒரு பஸ், சாவடியில் மூன்று பேர், எனக்குள் யாருமில்லை.’

நியாயம் கேட்டேன். “சும்மா இருடா மச்சான். நீ எழுதினா டயறி, நான் பாடினா பாட்டு” என்று தோளில் தட்டினான்.

ஆறாம் பாட்டின் நீலக் குடை, வகுப்பில் முன்வரிசையில் இருந்த றீற்றாவுடையது. எட்டு மாதம் அந்தக் குடையைப் பற்றி எழுதியவன் நான். கசெட்டைக் கேட்டுவிட்டு அவள் தேடிப் போனது தனபாலனை.

அந்த வாரம் வகுப்பில் ‘அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுதல்’ பாடம். பயிற்சியாகப் பொலீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். சாவடியின் ஆள்கணக்கு நேரத்தோடு நான்காம் பாட்டில் இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். பிழை இருக்குமோ என்று மூன்று முறை திருப்பி எழுதிய பிறகே தபாலில் சேர்த்தேன்.

என் ஆசை சிறியது. இந்தச் சொற்கள் யாருடையவை என்று பொலீஸில் கேட்பார்கள். ‘என்னுடையவை அல்ல’ என்று ஒரு தடவை அவன் வாயால் வரவேண்டும். வந்தால் என்னைத் தேடுவார்கள் என்பதும் யோசித்ததுதான். டயறியை முன்கூட்டியே அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவனோடு பிடிபட்ட டிரம்ஸ்காரன் வீரையாவை இரண்டு கிழமையில் விட்டார்கள். நேரே என்னிடம் வந்தான்.

“நகம் ரெண்டு போச்சு அவனுக்கு. அப்பவும் எல்லாம் எம் மனசுல இருந்து வந்ததுன்னே சொன்னான். பக்கத்துக் கதிரைக்காரன் எழுதினதான்னு ஒன்னப் பத்தியும் கேட்டாங்க. அவனுக்கு ரெண்டு வரி எழுத வராதுன்னுட்டான்.”

சொல்லிவிட்டு வீரையா அழுதான். எனக்கு அவமானமாக இருந்தது.

தனபாலன் திரும்பி வரவில்லை. ஐந்து வருடமாகிறது.

கடிதம் எழுதியது நான்தான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. மறுபதிப்பின் அட்டையில் ‘சொற்கள்’ என்ற இடத்தில் மட்டும் பெயரைத் திருத்துங்கள். என் முழுப்பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தைப் பிடுங்கியும் அடுத்தவன் சொற்களைத் திருப்பிக் கொடுக்காத அப்படியொரு பேராசைக்காரனை நான் பார்த்ததில்லை.