மலாவிக்குத் துணை

மருமகளுடன் செல்லப்போவது மகன்தான் என்றே அந்தக் குடும்பம் அதுவரை நம்பியிருந்தது. மருமகள் வேதியியல் பேராசிரியர். வளரும் நாடுகளில் ஓராண்டு கற்பிக்கச் செல்வோருக்கான நல்கை அவருக்குக் கிடைத்திருந்தது; இடம் ஆப்பிரிக்காவின் மலாவி. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். சாந்தோமில் பேருந்து ஏறிய மாமியாரும் மருமகளும் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்தனர். பேருந்து நகர்ந்ததும் மாமியார் அறிவித்தார்:

“ஸ்டெல்லா, மலாவிக்கு நான் வரேன்.”

“என்ன அத்தே! ஞாயித்துக்கெழம பூசையில ஃபாதர் அவரு பேரச் சொல்லி ஜெபம் பண்ணியாச்சே!”

“அதுக்கு இன்னா? ஆண்டவர் ஆள மாத்திப்பாரு. அவன் வந்தா நீ பாடம் எடுப்பியா, அவனுக்குச் சட்னி அரைப்பியா? நான் வந்தா சமையல் என்னுது.”

“அங்க கடலே கிடையாது.”

“ஏரி கீதுல்ல? மீனு கீதுல்ல? போதும்.”

மருமகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கணவரை அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“ஏங்க, உங்க சீட்ட அத்த புடிச்சிட்டாங்க.”

மறுமுனையில் மகனின் குரல் கேட்டது.

“தொப்பிகூட வாங்கிட்டனேம்மா.”

“குட்றா, நான் போட்டுக்கறேன்.”

நடத்துநர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

“சரிம்மா, போய்ட்டு வா. அவள நல்லாப் பாத்துக்க,” என்றது அந்தக் குரல்.

அடையாறில் இருவரும் கைகோத்தபடி இறங்கிப் போனார்கள். சாந்தோம் வீட்டில் அந்த ஓராண்டும் மகன் மட்டும் இருப்பார்.